நேரம் இருந்தால் தூர்வாருதல்

பால் பாக்கெட் வாங்கப் போன வழியில், எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் என் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போய்விட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆவடியை அடுத்த இந்த முத்தாபுதுப்பேட்டையில் கம்பத்தில் தொங்கும் முகங்களில் பாதி கண்ணீர் அஞ்சலிக்கு உரியவை. கிட்டே போய்ப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. 'மழைநீர் வாய்க்காலைத் தூர்வாரிய நல்லுள்ளங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி' என்றது பேனர். நடுவில் எங்கள் சேவைச் சங்கத் தலைவர் தாமோதரன் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். கீழே ஆறு வட்டங்களில் ஆறு உறுப்பினர்கள், ஆறாவது வட்டம் நான். மலேசியாவில், தைப்பிங் ஏரிப் பூங்காவில் எடுத்த என் வாட்ஸப் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற அக்காவை நீக்கியவர்கள் என் தோளில் கிடந்த அவள் கையை நீக்க மறந்துவிட்டார்கள். அன்று வியாழக்கிழமை. தூர்வாரப் போவது ஞாயிற்றுக்கிழமை. வாய்க்காலில் ஒரு கரண்டிச் சேற்றைக்கூட அதுவரை எவரும் தொட்டிருக்கவில்லை.

ஈப்போவிலும் கிள்ளானிலும் உட்கார்ந்து இதைப் படிக்கப்போகும் சொந்தங்களே, தாத்தாக்கள் கப்பலேறி வந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் என்னைப் போல் விமானம் ஏறிய ஒன்றிரண்டு பைத்தியங்களே, உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் இப்படி நடக்காது. தைப்பிங்கில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், கோத்தோங் ரோயோங் என்றால் தெருவே கூடிச் செய்யும் வேலை, அவ்வளவுதான். காலை ஏழு மணி என்று சொல்லியிருந்தால் ஆறே முக்காலுக்கு எதிர்வீட்டு மலாய்க்காரர் பாக் டின் சங்குள் மண்வெட்டியோடு நிற்பார். ஆ செங் தன் லாரியைப் பின்பக்கமாக நகர்த்திக்கொண்டு வருவான். வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லிக்கொள்ள மாட்டோம். நேரே லோங்காங்கில், அதாவது வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயில், இறங்கிவிடுவோம். மழை எங்களுக்கு விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். மத்தியானம் மூன்றரைக்கு வரும், வாசலைத் தட்டாமல் வரும், வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது. ஆகவே கால்வாய் சுத்தமாக இருந்தாக வேண்டும். பதினொரு மணிக்கு வேலை முடியும், ஆளுக்கொரு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ், பிறகு கதவைச் சாத்திக்கொள்வோம். அடுத்த கோத்தோங் ரோயோங் வரைக்கும் பாக் டின் உயிரோடு இருக்கிறாரா என்பது அவர் வீட்டுக் கொடியில் காயும் சாரோங்கைப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே நான் வந்து சேர்ந்தது என் மனைவி வசந்தியின் தீர்ப்பால். ஆவடிக்காரி. கல்யாணமாகித் தைப்பிங்குக்கு வந்து இருபது வருஷம் துணி காயாமல் கஷ்டப்பட்டவள். "இருவது வருஷம் உங்க மழையில நனைஞ்சேன், இனிமே எங்க வெயில்ல கொஞ்சம் காயுங்க" என்றாள் ஒருநாள். பெட்டியைக் கட்டினேன். அவள் அப்பா விட்டுப்போன வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. தெருவுக்கு நான் 'மலேசியா'. மரியாதைக்காரர்களுக்கு 'மலேசியா சார்'. என் பெயரை இங்கே கேட்டறிந்த ஒரே ஆள் கேஸ் சிலிண்டர் போடுகிறவர், அதுவும் ரசீதுக்காக.

வாய்க்கால் விவகாரம் என்னுடையது அல்ல, யூசுப் பாயுடையது. பூந்தமல்லியில் தையல்காரக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் தெருவில் கடை போட்டிருக்கிறவர். முன்பெல்லாம் இரண்டு படி ஏறித்தான் அவர் கடைக்குள் நுழைய வேண்டுமாம். ரோட்டின் மேல் ரோடு போட்டு, அதன் மேல் இன்னொரு ரோடு போட்டு, இப்போது ஒரு படி இறங்கி நுழைய வேண்டியிருக்கிறது. மழைத்தண்ணீர் மட்டும் போகிற அந்த வாய்க்கால், அவர் கடை வாசலில் ஒரு சிலாப்புக்கு அடியில் போகும்போது அடைத்துக்கொண்டு நின்றது. போன வருஷம் தண்ணீர் உள்ளே புகுந்து, சிவப்புத் துணியின் சாயம் அத்தனை துணியிலும் இறங்கி, தெருப் பெண்கள் பாதிப் பேர் அந்தத் தீபாவளிக்கு ஒரே ரோஸ் நிறத்தில் ஜாக்கெட் போட்டார்கள். "இந்தத் தெரு பொம்பளைங்க ஜாக்கெட்டு மொத்தமும் என் கடையிலதான் கீது நைனா. இந்த வருசமும் தண்ணி பூந்துச்சுன்னா எவ நம்பி துணி குடுப்பா? கடைய இஸ்துகினு பூந்தமல்லிக்கே போவ வேண்டிதான்" என்றார் பாய். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. வானம் தினமும் ஒரு முறை இருட்டிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சங்கக் கூட்டத்தில் எழுந்தேன். ஞாயிறு காலை எல்லோரும் மண்வெட்டியோடு வந்தால் இரண்டு மணி நேர வேலை என்றேன். யாரும் எதிர்க்கவில்லை. யாருக்கும் புரியவும் இல்லை.

"மண்வெட்டி கெடக்கட்டும் சார். சீஃப் கெஸ்ட்டு யாரு?" என்றார் தாமோதரன்.

"வாய்க்காலுக்கு எதுக்குத் தலைவரே விருந்தாளி?"

"இன்னா சார் இப்டி கேக்குற? யாருமே இல்லாம நாமளா போயி தோண்டிக்கினு இருந்தா, எவனயோ பொதைக்கிறோம்னு போலீஸ் வந்துடும்."

இரண்டு நாளில் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. இறைவணக்கம், குத்துவிளக்கு ஏற்றுதல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை போர்த்துதல், சிறப்புரை, நன்றியுரை, சிற்றுண்டி. எல்லாவற்றுக்கும் கீழே, வரியில் இடம் போதாமல் சின்ன எழுத்தில்: 'நேரம் இருந்தால் தூர்வாருதல்'.

ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்காலுக்கு நான் இறங்கினேன். அரைக்கால் சட்டை, தோளில் சங்குள், காலில் தைப்பிங்கிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்த முழங்கால் உயர மஞ்சள் ரப்பர் பூட்ஸ். தெருவில் ஒரு நாய்தான் இருந்தது, அதுவும் பூட்ஸைப் பார்த்து எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஷட்டரைத் தூக்கிய பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, காலு ரெண்டும் மாம்பழம் மாரி கீது?" என்றபடி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கிவிட்டார். சிமெண்டு மூட்டை, தேங்காய் மட்டை, உடைந்த ஹெல்மெட், எந்த வீட்டிலோ சண்டையில் வெளியே எறியப்பட்ட ஒரு தலையணை. இத்தனையும் வந்த பிறகும் தண்ணீர் நகரவில்லை. சிலாப்புக்கு அடியில் எதுவோ கோரைப்பாய் போல் விரிந்து கிடந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தோம். வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு பெரிய முகம் கைகூப்பியபடி எழுந்தது.

"தலைவரே வந்துட்டாரு!" என்று அலறினார் பாய்.

போன வருஷத்து நன்றி பேனர். காற்றில் அறுந்து விழுந்து, வாய்க்காலில் தவழ்ந்து வந்து, சரியாக இங்கே குடியேறியிருக்கிறது. அடைப்பு அதுதான். அது வந்ததும் தண்ணீர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. மணி எட்டரை. எனக்குள் ஒரு மீ கோரேங் வாசனை அடித்தது.

ஒன்பது மணிக்கு மைக்செட்டோடு வந்த தாமோதரன் வாய்க்காலை எட்டிப் பார்த்தார். தரை சிமெண்டு பளிச்சென்று தெரிந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதைவிட வெளுத்த முகம்.

"இன்னா சார், இப்டி துரோகம் பண்ணிட்ட?"

"சுத்தமாயிடுச்சு தலைவரே" என்றேன் பெருமையாக.

"அதான சார் பிரச்சன! பத்து மணிக்கு சீஃப் கெஸ்ட்டு வர்றாரு. அவரு வந்து எத்த எடுப்பாரு?"

"போட்டோ எடுக்கட்டுமே" என்றார் பாய்.

யாரும் சிரிக்கவில்லை. நான்கு உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு, சொந்தங்களே, என் வாழ்நாளில் காணாத காட்சியைக் கண்டேன். எடுத்த சேற்றை இரும்புச் சட்டியில் அள்ளி வாய்க்காலில் திரும்பக் கொட்டினார்கள். ஓடுகிற தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது. அடியில் எதையாவது விரித்தால்தான் நிற்கும் என்றார் ஒருவர். தாமோதரன் தன் போன வருஷத்து முகத்தைத் தானே நான்காக மடித்து, மரியாதை கெடாமல் கவிழ்த்து, சிலாப்பின் வாயில் வைத்தார். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நானும் இரண்டு சட்டி அள்ளிப் போட்டேன். வந்து இரண்டு வருஷம் ஆனவன் ஊரோடு எவ்வளவு நேரம்தான் வாதாடுவான்? பாய் மட்டும் சட்டியைத் தொடவில்லை. கடை வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி, பதினொன்றரைக்கு வந்தார். தைப்பிங்காரனுக்கு மழை முதலில் மூக்கில்தான் பெய்யும். எனக்கு அப்போதே பெய்துகொண்டிருந்தது. தலைவரின் காதில் சொன்னேன். "அது நம்ம மேகம் இல்ல சார், அம்பத்தூர் போவுது" என்றார், பஸ்ஸைப் பற்றிச் சொல்வது போல. குத்துவிளக்கு ஏற்றினார்கள், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு வந்தது கத்திரிப்பூ நிறத்தில் ஜரிகை போட்டது. அரைக்கால் சட்டை, மஞ்சள் பூட்ஸ், மேலே பொன்னாடை. மேடைக்குக் கீழே நின்ற வசந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறுபக்கம் திரும்பினாள். விருந்தினர் நீரின் அருமை பற்றி இருபது நிமிஷம் பேசினார். இறங்கி வந்து ஒரு சட்டிச் சேற்றை எடுத்தார், அதுவும் மூன்று கோணங்களில். செயலாளர் நன்றியுரைக்கு மைக்கைப் பிடித்தார். அம்பத்தூர் மேகம் எங்கள் ஸ்டாப்பிங்கில் இறங்கியது.

தூறல் என்ற முன்னுரையே இல்லை. தைப்பிங் மழை மாதிரியே, வாசலைத் தட்டாமல். அடைபட்ட வாய்க்கால் ஐந்து நிமிஷத்தில் நிரம்பி ரோட்டில் ஏறி, பழகிய வழியில் பாய் கடையை நோக்கி நடந்தது. செயலாளர் குடைக்குள் நின்று பெயர்களைப் படித்துக்கொண்டே இருந்தார். நன்றியுரையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அது அடுத்த தேர்தல் வரைக்கும் பகை என்பதால், இந்த ஊரில் பிரளயம் வந்தாலும் பட்டியல் முடியாமல் யாரும் ஓட முடியாது.

"நைனா! ஜாக்கெட்டு!"

பாயின் அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. நான் குதித்தேன். இடுப்பளவு தண்ணீர். பேனர் சிலாப்புக்கு அடியில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், அசையவில்லை. பக்கத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். வெள்ளை வேட்டியோடு தாமோதரன். "என் மூஞ்சி சார், நானே எடுக்கிறேன். நவுரு" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். அவர்களுக்குப் பின்னால், பேன்ட்டை மடித்துக்கொண்டு, சிறப்பு விருந்தினர். மேலே தெருப் பெண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் ஜாக்கெட்டுக்காக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் வசந்தி. இருபது வருஷம் தைப்பிங்கில் அடக்கி வைத்திருந்த ஆவடி மொத்தமும் அன்று அவள் வாயில் வந்தது. "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? கயட்டி குடுங்கய்யா அத்த!" என்று ஒவ்வொரு கழுத்திலிருந்தும் பொன்னாடையை உருவினாள். விருந்தினரிடம் மட்டும் "மன்னிச்சிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு உருவினாள். ஏழையும் முறுக்கிச் சுருட்டி, கடை வாசலில் வரப்பு போல் அடுக்கினார்கள். பொன்னாடைக்கு ஒரு குணம் உண்டு, ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. அதைக் குறையாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன்.

"ஒண்ணா இழு மாமே!" என்றார் தலைவர், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை, விருந்தினர்தான் இழுத்தார். எல்லோரும் இழுத்தோம். முகம் கிழிந்து பாதியாகவும், பின்பு மீதியாகவும் வந்தது. ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். தெருவே உறிஞ்சிக் குடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் போயிற்று, போகிற போக்கில் என் இடது கால் பூட்ஸையும் கழற்றிக்கொண்டு போயிற்று. பொன்னாடை வரப்பின் உச்சிக்கு ஒரு விரற்கடை மிச்சமிருக்கத் தண்ணீர் நின்று, யோசித்து, இறங்கியது. ஒரு ஜாக்கெட்டின் ஓரம்கூட நனையவில்லை. பாய் தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்நேரம் பட்டியலின் கடைசிக்கு வந்திருந்த செயலாளர், தாளில் இல்லாத ஒரு வரியை மைக்கில் சொன்னார்: "மற்றும் நமது யூசுப் பாய் அவர்களுக்கும்."

பிறகு கலைவார்கள் என்று காத்திருந்தேன். கலையவில்லை. கடையின் தகரக் கூரைக்கு அடியில் சேறும் சகதியுமாக நின்றபடி நனைந்த பொங்கலைச் சாப்பிட்டார்கள். மூன்று மணி வரைக்கும் யார் முதலில் குதித்தது என்று தகராறு. தாமோதரன் எங்கள் வீட்டுக்கு வந்து என் லுங்கியைக் கட்டிக்கொண்டு காபி குடித்தார். மறுநாளும் வந்தார், லுங்கியைத் திருப்பிக் கொடுக்க அல்ல, சும்மா. பாக் டின்னோடு பதினைந்து வருஷம் லோங்காங் வழித்திருக்கிறேன். அவர் வீட்டுக் காபிக்குச் சர்க்கரை போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. இந்த ஊரில் வேலை நடக்கவே நடக்காது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்தக் கட்டுரை எங்கோ வழியில் வழுக்கிவிட்டது.

பூட்ஸ் மூன்றாம் நாள் கிடைத்தது. வாய்க்கால் ஓரச் சுவரில் முடிக்காமல் விட்ட ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. யார் காலிலாவது குத்தப்போகிறது என்று, கண்டெடுத்தவர் பூட்ஸை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். எடுக்கப் போனேன். "அது அங்கியே இருக்கட்டும் நைனா" என்று பாய் தடுத்துவிட்டார். இப்போது தெருவின் மழைமானி அதுதான். தண்ணீர் பூட்ஸின் வாயைத் தொட்டால் துணியை மேல் அலமாரிக்கு ஏற்ற வேண்டும். கணுக்காலைத் தொட்டால் கட்டிலைத் தூக்க வேண்டும். அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

நேற்று மழை பிடித்துக்கொண்டபோது தைப்பிங்கிலிருந்து அக்கா கூப்பிட்டாள், பேனரில் கை மட்டும் வந்த அதே அக்கா. "அங்க மழையாடா? இங்க லோங்காங் ரொம்பிருச்சு" என்றாள். வீட்டில் தனியாகக் கிடந்த வலது பூட்ஸை வலது காலில் மாட்டிக்கொண்டு, இடது காலில் வசந்தியின் ரப்பர் செருப்போடு வாசலுக்குப் போனேன். ஒரு காதில் தைப்பிங் மழை. எதிரே, மாடியிலிருந்து யாரோ மழைக்கு மேல் குரல் எழுப்பிக் கேட்டார்கள்: "பாய், மலேசியா முங்கிடுச்சா?"

"இன்னும் இல்ல! காலு மட்டுந்தான் நனைஞ்சிக்கீது!"

என் கால்களைப் பார்த்தேன். ஒன்று நனைந்திருந்தது.