பாதாம் மரத்தைப் பிழைக்க வைத்தவன்

நோயே இல்லாத மரத்துக்கு வைத்தியம் பார்த்து, அது பிழைத்துக்கொண்டதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் சிரிக்கும்போது எனக்கு அவ்வளவாக வலிக்காது.

கடலூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் தை மாதம், வாசலில் நின்ற பாதாம் மரத்தின் இலைகள் சிவந்து கொட்டத் தொடங்கின. துடைப்பத்தை எடுத்திருக்க வேண்டும். நான் செல்போனை எடுத்தேன். அதில் ஒருவர் சொன்னபடி, துறைமுகத்தில் மத்திக் கழிவு வாங்கிவந்து, வெல்லத்தோடு வாளியில் மூடிவைத்து, மூன்று வாரம் கழித்துத் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றினேன். தெருநாய்கள் மொத்தமும் எங்கள் வாசலுக்குக் குடிவந்தன. எதிர்வீட்டார் ஜன்னல் திறப்பதையே விட்டுவிட்டார்கள். பத்தாம் நாள் கிளை நுனியெல்லாம் பளபளவென்று துளிர்.

“செத்துப்போன மரத்தப் பொழைக்க வெச்சிட்டாருடா” என்று என் மனைவி போனில் சொன்னாள். பதினெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

அந்த அடுத்தவன், அண்ணாகிராமத்தில் இருக்கும் அவள் தம்பி. அவர்கள் அப்பா வைத்த பலாமரம் புயலில் சாய்ந்தபோது, அதன் குச்சிகளை எடுத்து ஒட்டுக் கட்டியிருந்தான். பிடித்தது ஒன்றே ஒன்று. அந்தச் சுளையின் ருசி இனி எங்காவது உண்டென்றால் அந்த ஒரு கன்றில்தான். அதன் இலைகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

“ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க மாமா.”

போனேன். குழாயடிப் பக்கம் நின்ற கன்றின் இலையைப் புரட்டி, நோயாளியின் நாக்கைப் பார்க்கிற டாக்டர்போல முகத்தைச் சுளித்தேன். “சத்து கம்மி மச்சான். சூடும் ஜாஸ்தி. மீன் கரைசல ஊத்து. தண்ணிய ரெண்டு வேளையும் விடு.”

அக்கா பாராட்டிய ஆளாயிற்றே, நம்பிவிட்டான். இரண்டு வாரத்தில் ஒரு படம் அனுப்பினான். எழுத்தில்லை, படம் மட்டும். நான்கு இலைதான் மிச்சம். அதில் மூன்று மஞ்சள்.

சிதம்பரத்தில் என் ஆபீசுக்கு எதிரே நர்சரி வைத்திருக்கும் அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன்.

“தண்ணி நிக்கிது சார். வேரு மூச்சுவிட முடியாம அழுகிப்போவுது. அப்பறம் எலை மஞ்சளாவாம என்னா செய்யும்? இதுல மீன வேற ஊத்தினீங்களா?”

“அந்த மருந்துலதாங்க எங்க பாதாம் மரமே பொழைச்சுது.”

“பாதாமா? அது வருஷாவருஷம் செவந்து கொட்டும். எலையில இருக்கற சத்த உள்ள இழுத்துக்கிட்டு, சக்கைய கழட்டி உட்டுடும். அப்பறம் தானா துளுக்கும். நீங்க வீட்டப் பூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருந்தாலும் துளுத்திருக்கும் சார்.”

மச்சானுக்குப் போன் போட்டு, தண்ணீரையும் கரைசலையும் நிறுத்து என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். மருந்தை மாற்றாத வைத்தியர் யார்?

“கரைசலயா நிறுத்தச் சொல்றீங்க? பாதாமயே பொழைக்க வெச்ச மருந்தாச்சே மாமா. ஒரு டிரம்மு நெறைய போட்டு வெச்சிருக்கேன்.”

என் பேரா, அவன் கன்றா என்று ஆகிவிட்டது. பாதாம் மரத்தின் உண்மையைச் சொன்னேன். குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

அன்றைக்கே வாய்க்கால் வெட்டித் தேங்கிய தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளிவிட்டு மணல் போட்டான் என்பதை மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். என்னைப் பற்றி அவள் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை இப்போது.

ஒரு மாதம் கழித்து இன்னொரு படம் வந்தது. கன்றின் நுனியில் நகமளவுக்குப் பச்சை. உடனே போன் போட்டேன்.

“துளுத்துடுச்சா மச்சான்?”

“இதுக்கும் நீங்கதான் காரணம்னு சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க மாமா.”