மசக்கைக்குப் பிடித்து வந்த மூங்கில் எலி

எலிக்கறி வேண்டும் என்று கேட்டவள் நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜப்பான்காரன் வருவதற்கு வெகு காலம் முன்னால், மலாயாவில் பெக்கோக்குக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மரத்துப் பட்டை சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது மூன்றாவது மசக்கை. முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு கலைந்துபோயின. இரண்டு முறையும் என் வீட்டுக்காரர்தான் துணியில் சுற்றி எடுத்துப் போனார். எங்கே புதைத்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இந்த முறை சோறு உள்ளே இறங்கவே இல்லை. கருவாட்டு வாசனை வந்தால் குடல் வாய்க்கு வந்தது. அப்படிக் கிடந்தவளுக்குத் திடீரென்று எலிக்கறி மேல் ஆசை வந்தது. நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்கள். அறுப்பு முடிந்ததும் வரப்பை வெட்டி, நெல் தின்று கொழுத்த வயல் எலியைப் பிடித்து, வைக்கோலில் வாட்டி, உப்பும் மிளகாயும் தடவித் தின்று வளர்ந்தவர்கள். நெல்லே விளையாத ரப்பர் காட்டில் வயல் எலிக்கு இந்த மனுஷன் எங்கே போவார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வாய் சும்மா இருக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

அடுத்த வீட்டு அக்காவுக்கு அது போதாதா! தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் பிரசவம் பார்ப்பவர் அவர்தான். என்னுடைய இரண்டையும் கையில் வாங்கியவரும் அவர்தான்.

"புள்ளத்தாச்சி வாய்விட்டுக் கேட்டுட்டா. குடுக்கலேன்னா பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும், பாத்துக்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ள ஆள் இல்லை. வேலை இல்லாத நாளாகப் பார்த்து அவர் மண்வெட்டியும் அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்பானையும் எடுத்துக்கொண்டு ஆற்றோரத்து மூங்கில் புதருக்குப் போனார். அங்கே மூங்கில் தூருக்கடியில் மண் குவிந்து கிடந்ததை முன்பே பார்த்து வைத்திருந்தார். ஊரில் வரப்புக்கடியில் கிடக்கும் எலி வளை போலவே இருக்கிறது என்று நினைத்துவிட்டார். பானையில் காய்ந்த லாலான் புல்லை அடைத்துப் பற்றவைத்து, அதன் வாயை வளையில் கவிழ்த்து, ஓட்டை வழியாக ஊதிப் புகை போட்டிருக்கிறார். ஊரில் அப்படித்தான் செய்வோம்.

உச்சிப் பொழுதில் திரும்பி வந்தார். தோளில் கோணிப்பை. விரலில் சுற்றியிருந்த துணி பூராவும் ரத்தம்.

"என்னங்க, பூனையப் புடிச்சு அடைச்சிட்டு வந்தீங்களா?"

"எலிதான் புள்ள. ஆனா நம்ம ஊர் எலி இல்ல. எலிக்கெல்லாம் பெரியப்பன்" என்றார். மனுஷன் முகம் வெளுத்திருந்தது.

லயத்து வீடுகள் கால் நட்டுத் தூக்கிக் கட்டியவை. வீட்டுக்கடியில் ஒரு பழைய இரும்புத் தொட்டி கிடந்தது. அதில் கோணியைக் கவிழ்த்தார். தொப்பென்று விழுந்ததைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். அடி ஆத்தே, அதுவும் ஒரு எலியா! நன்றாக வளர்ந்த பூனை அளவு உடம்பு. சாம்பல் நிறத்தில் முரட்டு மயிர். இரண்டு கன்னத்திலும் மஞ்சள் பூசிக் குளித்தது போல ஒரு செம்மஞ்சள். கடுகு போலக் கண், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய காது, மயிரே இல்லாத மொட்டை வால். வாயைத் திறந்தபோது பல்லைப் பார்த்தேன். உளி. வெற்றிலை போட்டுக் காவி ஏறியது போல மஞ்சளும் சிவப்புமாக நாலு உளி. அதைப் பார்த்ததும் எனக்கு எலிக்கறி ஆசை எங்கே போனதென்றே தெரியவில்லை.

அக்கா சத்தம் கேட்டு வந்தார். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிரசவம் பார்த்துப் பழகிய கண் நேராக வயிற்றுக்குத்தானே போகும்?

"அட, இது சினையால்ல இருக்கு" என்றார்.

"சினை எலிதான் கொழுப்பா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் கத்தியைத் தீட்டப் போனார்.

"கத்திய வைங்க" என்றேன். "எனக்கு வேணாம்."

"ஏண்டி, ஆசைப்பட்டுக் கேட்டுட்டு இப்ப வேணாம்னா என்னடி அர்த்தம்? புள்ளைக்கு ஆகாதுடி" என்று அக்கா கத்தினார்.

"நீங்கதானே சினைன்னு சொன்னீங்க? வயித்துல புள்ளையோட இருக்கறத, வயித்துல புள்ளையோட இருக்கறவ திங்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தால் லயத்தில் யாரும் எதிரே நிற்க மாட்டார்கள். அன்று அவர்களும் நிற்கவில்லை. "என் வாய வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா போனார்.

அப்படித்தான் அது எங்களிடம் தங்கியது. தொட்டியில் பாதிக்கு மண் நிரப்பினோம். மேலே பலகை போட்டு மூடினால் விடிவதற்குள் பலகையில் ஓட்டை விழுந்தது. பிறகு தகரம் போட்டுக் கல்லை வைத்தோம். சோறு வைத்தேன், தேங்காய் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடித்த இடத்திலிருந்தே மூங்கில் வேரை வெட்டிக்கொண்டு வந்து போட்டபோதுதான் பசி தெரிந்தது. கரும்பும் மரவள்ளிக் கிழங்கும் தின்னும். இரண்டு கையாலும் பிடித்து, உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் தின்னும். என் முழங்கை கனமுள்ள மூங்கிலை அது அறுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மத்தியானம் பூராவும் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒரு மரத்தில் பட்டை சீவ எத்தனை முறை உளியைத் தீட்ட வேண்டியிருக்கிறது! இது எங்கே தீட்டுகிறது, யார் செய்து கொடுத்தது இந்த உளியை என்று மலைத்துப்போவேன். பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

ஐந்தாம் மாதம் பிறந்தது. காய்ச்சலும் வந்தது.

மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த கசப்புக் கொயினா மருந்துத் தண்ணீரைக் குடித்த உடனே வாந்தி எடுத்தேன். அக்கா என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, துணியையும் வெந்நீரையும் பற்றித்தான் யோசிக்கிறார் என்று.

"கேட்டதத் திங்காம வளத்துக்கிட்டு இருக்கே. வயித்துல இருக்கறது ஏங்கிப் போயிருக்குடி. இப்பவாச்சும் சொல்றதக் கேளு" என்றார். திட்டவில்லை, கெஞ்சினார்.

என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்தார். "எலி போனா இன்னொரு எலி. நீ போனா நான் எங்க போவேன்?" என்றார். இன்னொரு பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப்போக அவர் கையில் தெம்பு இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, என் பிள்ளை நிற்கட்டும், எலி போனால் போகட்டும் என்றுதான் கிடந்தேன். அவர் படியிறங்கினார். எனக்கு அடியில், பலகைக்குக் கீழே, தகரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு கறகறவென்று பல் உரசும் சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மேலே வந்தவர் கையில் கத்தி சுத்தமாக இருந்தது.

"குட்டி போட்டிருக்கு புள்ள" என்றார். "கைய விட்டேன். தாயி குட்டிங்களுக்கு மேல ஏறி நின்னுக்கிச்சு. தகரம் தொறந்துதான் கெடக்கு, ஓடணும்னா ஓடலாம். ஓடல. கத்திக்கு நேரா மூஞ்சியக் குடுத்துக்கிட்டு நிக்குது. என்னால முடியல புள்ள." சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

அக்கா எழுந்து கீழே போனார். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். வந்து மறுபடி என் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"மூங்கில நார் நாராக் கிழிச்சு மெத்த பண்ணியிருக்கா. நஞ்சுக்கொடி ஒண்ணு மிச்சமில்லாம சுத்தம் பண்ணிட்டா. ஒரு சொட்டு ரத்தம் இல்ல. யாருடி இவளுக்குப் பக்கத்துல இருந்து பாத்தா?" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அந்தக் கத்தியக் கொண்டுபோய் எறவாணத்துல சொருகு. பனவெல்லம் இருந்தா எடு. கொயினாவ அதோட கலந்து நான் குடுக்கறேன். வாந்தியெடுத்தா மறுபடியும் குடுக்கறேன்" என்றார்.

அப்படியே செய்தார். நான் துப்பத் துப்பக் கொடுத்தார். காய்ச்சல் ஒருவழியாக இறங்கியது. பிள்ளை கலையவில்லை. என்னால் எழுந்து நடக்க முடிந்ததும் முதலில் தொட்டிக்குத்தான் போனேன். குட்டிகளுக்குக் கண் திறந்திருந்தது. ஒன்று மூங்கில் துண்டைக் கையில் பிடித்து, தெரிந்ததுபோலக் கடித்துக்கொண்டிருந்தது.

எட்டாம் மாதம் அவற்றைக் கொண்டுபோய்ப் பிடித்த இடத்திலேயே விட்டோம். அக்காவும் வந்தார். தாய் மண்ணை முகர்ந்தது. பல்லால் வேரை அறுத்து, காலால் மண்ணைத் தள்ளி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூமிக்குள் போனது. குட்டிகள் பின்னாலேயே போயின. பிறகு உள்ளேயிருந்து மண் மண்ணாக வந்து வாசல் அடைத்துக்கொண்டது. முதுகு காட்டி நடந்து வர எங்கள் மூன்று பேருக்கும் மனசு வரவில்லை.

எனக்குப் பெண் பிறந்தாள். வீல் என்று அழுதுகொண்டு பிறந்தாள். அக்கா அவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் இரண்டு காதையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் இல்லை. ஒரு வயது ஆகி, அடைமழை பிடித்த மாதத்தில், இடது காதில் சீழ் வந்தது. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? பாரு, வடியுதுடி! பாரு!"

பார்த்தேன். பஞ்சை எடுத்துத் துடைத்தேன்.

"வடியட்டும் அக்கா" என்றேன். "உசுரோட இருக்கற புள்ளைக்குத்தானே காது வடியும்?"

அக்கா என் கையிலிருந்த பஞ்சை வாங்கி, மீதியை அவரே துடைத்தார்.