ரத்தமே வராத அடி

பீங்கான் கோப்பையைத் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவது என் வேலை. பள்ளிக் கபடிப் போட்டியில் என் மகள் தலை தரையில் மோத விழுந்தபோதும், தலையைத் தடவிவிட்டு, "வீக்கமே இல்ல, போய் ஆடும்மா!" என்று தீர்ப்பு சொன்ன மேதை நான்.

அணித்தலைவி செல்வி விடவில்லை. "மாமா, சொல்லச் சொல்ல மறந்துட்டு மூணு தடவ ஸ்கோரு கேட்டுட்டா இவ. தோத்தா தோத்துட்டுப் போறோம், ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க."

தோற்றார்கள்.

ஆஸ்பத்திரியில் செல்வி சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. "அப்ப நாளைக்கு ஆடலாங்களா?" என்றேன்.

டாக்டர் முறைத்தார். "மூளை குலுங்கினது ஸ்கேன்ல தெரியாமப் போகலாம். ரத்தத்துலேயே கண்டுபிடிக்க இப்பதான் ஆராய்ச்சி பண்றாங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு கவனிச்சதுதாங்க டெஸ்ட்டு. இன்னொரு அடி பட்டிருந்தா ஆபத்து."

மகள் நன்றாகத் தேறிய பிறகே களமிறங்கினாள். இப்போதெல்லாம் யார் தலையில் அடிபட்டாலும் நான் தடவிப் பார்ப்பதில்லை. "வெளிய வாம்மா!" என்று கத்திவிட்டு, செல்வி எங்கே என்று தேடுகிறேன்.