எங்க அக்காவோட கியர்பொக்ஸ்

எங்க அக்கா ஜெயராணியைப் பத்தி ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். அவளுக்கு உதவி செய்ய யாராவது கையை நீட்டினா அவ மூஞ்சி சுருங்கிடும். சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல அவளுக்கு இடது கால் சூம்பிப்போச்சு. பஸ்ல ஏறும்போது ஆளாளுக்கு அக்குளைப் பிடிச்சுத் தூக்கிவிடுவாங்க. நல்ல மனசோடதான் தூக்குவாங்க. இவளோ வீடு வந்து சேர்ற வரைக்கும் முணுமுணுத்துக்கிட்டே வருவா.

தையல்ல காசு சேர்த்து ஒரு பழைய கொரோலா கார் வாங்கினா. ஓட்டோ கியர். கிளச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்ல. அதுக்கப்புறம் ஹந்தானையில வீட்டுல தைச்ச சாரி ஜக்கெட்டு, ஸ்கூல் யூனிஃபோம் எல்லாத்தையும் வத்தேகம வரைக்கும் அவளே கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவா. நான் கூட வரட்டுமான்னு கேட்டா, "உனக்கு வேற வேலை இல்லையா கிருஷாந்தி"ன்னு என்னையும் விரட்டுவா. அப்படி ஒரு திமிரு. எனக்கு அந்தத் திமிரு பிடிக்கும்.

அந்தக் கார்தான் போன மாசம் ஹந்தானை ஏத்தத்துல நின்னுபோச்சு. எஞ்சின் கத்துது, வண்டி நகரமாட்டேங்குது. பின்னால வந்த த்ரீவீல்காரங்க இறங்கி ஓரமா தள்ளிவிட்டாங்க. அக்கா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே அழுதா. அன்னைக்கு டவுன்ல இருந்து அவகூட ஏறிக்கிட்ட நான் பக்கத்து சீட்ல இருந்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் முனாப் நானாவோட கராஜ் இருக்கு. முஸ்லிம் அண்ணன்மாரை எங்க ஊர்ல நானான்னுதான் கூப்பிடுவோம். யப்பான்ல கழட்டி வர்ற பழைய கியர்பொக்ஸெல்லாம் அவர்தான் விக்கிறார். காரை அங்க இழுத்துக்கிட்டுப் போய் விட்டுட்டு, அப்புறம் ஒரு நாள் அக்கா, அவ வீட்டுக்காரர் கணேஸ் அத்தான், நான், மூணு பேரும் போனோம். நானா எங்க பொக்ஸைத் திறந்து வச்சிருந்தார். உள்ளே எல்லாம் கருகிக் கிடந்துச்சு. இனி இதைத் திருத்த முடியாது, வேற பொக்ஸ்தான் போடணும்னு சொல்லிட்டு, "யாராச்சும் இறக்கத்துல எஞ்சினை ஓஃப் பண்ணி உருட்டினீங்களா?"ன்னு கேட்டார்.

எங்க பக்கம் இதை யார்தான் செய்யல? பெட்ரோல் கியூவுல கிடந்த காலத்துல, எஞ்சினை நிறுத்தி நியூட்ரல்ல விட்டுத்தான் முக்காவாசி வண்டி டவுனுக்கு இறங்கும். உயிருக்கே ஆபத்தான வேலை, ஆனா யார் யோசிச்சா? அத்தான் அதுல மன்னன். பெட்ரோல் தாராளமா வந்த பிறகும், ஞாயித்துக்கிழமை காரை எடுத்தார்னா உருட்டல்தான். "சும்மாவே போகுது, எதுக்கு எஞ்சின்?" என்பார்.

"கையால கியர் போடுற வண்டி எப்படியோ தாங்கிக்கும் தங்கச்சி," என்றார் நானா. "ஓட்டோவுல எஞ்சின் நின்னா பொக்ஸுக்குள்ள ஒயில் ஓடாது. காஞ்சு தேஞ்சு போயிடும்."

அத்தான் கராஜ் கூரையைப் பார்த்துக்கிட்டிருந்தார். அங்க ஒரு பல்லிகூட இல்ல.

"பேசாம மெனுவல் பொக்ஸ் போட்டுடுங்க. மலைக்கு அதுதான் தோது, செலவும் குறையும்," என்றார் நானா. அத்தான் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டார். "அதான் சரி. நான் இருக்கேன்ல ராணி. உனக்கு எங்க போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடுறேன்."

அன்பாத்தான் சொன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கெடுத்ததும் இவரு, இப்ப சாவியை வாங்கிக்கிறதும் இவரா? வாய் வரைக்கும் வந்துடுச்சு. அக்கா என்னைப் பார்த்த பார்வையில முழுங்கிட்டேன்.

அவ கதிரையில உட்கார்ந்தபடியே இடது காலை ரெண்டு கையாலயும் தூக்கி முன்னால வச்சா. "நானா, இந்தக் காலால கிளச் மிதிக்க முடியாது. மெனுவல் போட்டா கார் இவருக்கு, வீட்டு மூலை எனக்கு. ஓட்டோ இருந்தா காட்டுங்க."

"எனக்குத் தெரியாமப் போச்சு தங்கச்சி, வாங்க," என்று நானா உடனே எழும்பினார்.

எங்க காருக்குப் பொருந்துற ஓட்டோ பொக்ஸ் ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணு சில்வர் பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு இருந்துச்சு. மத்தது முழுக்க அழுக்கு. அத்தான் நேரா போய்ப் பளபளப்பைத் தட்டிக்குடுத்தார். பெண் பார்க்கப் போனப்போ இந்த மனுசன் எங்க அக்காவை எப்படித்தான் தேர்ந்தெடுத்தாரோ.

"அது பார்ட்ஸ் கழட்ட வச்சது. வெளிய பார்க்காதீங்க, ஒயிலைப் பாருங்க," என்றார் நானா. அக்கா தையல் பையிலிருந்து ரெண்டு வெள்ளைத் துண்டு எடுத்துக் குடுத்தா. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் ஒயில் தொட்டுக் காட்டினார். பளபளப்புக்காரியோட ஒயில் கறுப்பு, தீஞ்ச வாடை வேற. அழுக்குப் பொக்ஸோடது மாதுளஞ்சாறு மாதிரி சிவந்திருந்துச்சு. அக்கா அந்தத் துணியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, "இதைப் போடுங்க"ன்னா.

கார் வந்த மறுநாள் காலையில மூணு பேரும் ஏறினோம். அக்காதான் ஓட்டினா. அத்தான் பக்கத்துல, நான் பின்னால. நின்னுபோன அதே ஏத்தத்துல கார் சத்தமே இல்லாம ஏறிப்போச்சு. அவ மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்தேன். எனக்குத்தான் கண் கலங்கிடுச்சு.

மேலே திருப்பிக்கிட்டு டவுன் பக்கம் இறங்கினோம். முதல் வளைவு தாண்டினதும், பேசிக்கிட்டே இருந்த அத்தானோட கை பழக்கதோஷத்துல மெல்ல கியர்ப்பக்கம் போச்சு, நியூட்ரல்ல தட்டிவிட. அக்கா ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம அந்தக் கையில பட்டுனு ஒண்ணு போட்டா.

"கையை மடியில வைங்க."

அத்தான் வச்சுக்கிட்டார். கொஞ்ச தூரம் போனதும், "என்னை பஸ் ஹோல்ட்ல இறக்கிவிடு ராணி, நான் பஸ் பிடிச்சு வேலைக்குப் போயிடுறேன்," என்றார், சின்னக் குரல்ல.

"எதுக்கு பஸ்? உங்களுக்கு எங்க போகணும்னாலும் நான் கொண்டுபோய் விடுறேன்," என்றாள் அக்கா.

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. வேலை செய்யுற கடை வாசல்ல அவ இறக்கிவிடுற வரைக்கும் மடியில இருந்து கையை எடுக்கவே இல்ல.