ரெடி சாரின் மணி

முதலுதவிப் பெட்டியைத் திறந்து, களிம்புக் குழாயின் அடியில் அச்சடித்திருக்கும் தேதியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்கிறார். பஞ்சு பிரிக்கப்படாமல் இருக்கிறது. கத்தரிக்கோல் இன்னும் உறையை விட்டு வெளியே வந்ததில்லை. திருப்தியாகப் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொள்கிறார். பக்கத்தில் ஒரு பெண் ஊசி ஏறிய விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குத் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்துக் கொடுக்கிறார். அது கைக்காசில் வாங்கியது. சோதனைக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது பெட்டி நிறைந்திருக்க வேண்டும், இவள் விரலும் ஆற வேண்டும். வேறென்ன செய்வார், பாவம்.

"சுத்திக்கோம்மா. ரெடியா?" என்கிறார். எதைச் சொன்னாலும் கடைசியில் இந்த 'ரெடியா' வந்து ஒட்டிக்கொள்ளும். மேஜை மேல் இருக்கும் பலகையில் தொழிலாளர் நலன் மற்றும் பாதுகாப்பு அதிகாரி என்று அவர் பதவி ஒரு முழ நீளத்துக்கு எழுதியிருக்கிறது. எண்ணூறு பேர் சட்டை தைக்கும் அந்த ஆலையில் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை. எல்லாருக்கும் அவர் ரெடி சார்.

இங்கே தைக்கிற சட்டை முழுவதும் கடல் தாண்டி ஒரே இடத்துக்குப் போகிறது. பல நாடுகள் ஒன்றுகூடி, ஒரே சந்தையாகி, பொதுவாக ஒரு வாசல் வைத்துக்கொண்ட பணக்காரக் கூட்டமைப்பு அது. ஏழை நாடு என்று இரக்கப்பட்டு, நம் சட்டைக்கு அந்த வாசலில் வரி கேட்பதில்லை. சும்மா இல்லை, தைக்கிறவர்களை ஒழுங்காக நடத்த வேண்டும் என்று நிபந்தனை உண்டு. நடத்துகிறோமா என்று பார்க்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் வரும். பார்த்தது பிடிக்காவிட்டால் சலுகை போகும். சலுகை போனால் ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போகும். ஆர்டர் போனால் எண்ணூறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே கூட்டமைப்பின் கடைக்காரர்கள் மாதம் தவறாமல் விலையைக் குறைக்கச் சொல்லி எழுதுகிறார்கள். ஆட்களை நன்றாக வைத்துக்கொள் என்று ஒரு கடிதம், இன்னும் மலிவாகக் கொடு என்று ஒரு கடிதம். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுவதும் உண்டு. விழுகிற இடம் ரெடி சாரின் மேஜை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் நிஜமாகவே இன்னொரு மாடிப்படி கேட்டார், மின்விசிறி கேட்டார். "இந்த விலைக்குப் படிக்கட்டு வருமா? நீங்களே சொல்லுங்க" என்றார் முதலாளி. அவர் சொன்னதும் பொய்யில்லை. படிக்கட்டு வராததால் படிக்கட்டு இருப்பது போன்ற தோற்றத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த வேலையில் ரெடி சார் கைதேர்ந்துவிட்டார்.

மணி அவருடைய யோசனைதான். வருகிறவர்களின் கார் வாசலைத் தொட்டதும் காவலாளி கத்தவா முடியும்? மாடிச் சுவரில் தீ மணி ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. காவலாளியின் கூண்டில் அதற்கு ஒரு பொத்தான் வைத்தார். மணி அடித்தால் முகக்கவசம் மாட்ட வேண்டும். நடைபாதையில் கிடக்கும் துணிக்கட்டுகளைக் கழிவறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். பிறகு உட்கார்ந்து, தலை நிமிராமல் தைக்க வேண்டும். "சிரிக்கல்லாம் வேணாம், அழாம இருந்தாப் போதும்" என்பார். யாராவது எதையாவது கேட்டால், "எல்லா வசதியும் இருக்கு, ஒரு குறையும் இல்ல" என்று சொல்ல வேண்டும். ஆறு வருடம் இதைச் சொல்லிச் சொல்லி அவர் தொண்டையே தேய்ந்துவிட்டது.

வீட்டிலும் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. சமையலறையில் கேஸ் குழாயைத் தடவுவார், பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். "இது வீடுங்க. இதுக்கு எவன் வந்து வரிவிலக்கு குடுக்கப்போறான்?" என்பாள் மனைவி. இரவுச் செய்தியில் அந்தக் கூட்டமைப்பின் பெயர் அடிபட்டால் சாப்பிடுகிற கை நின்றுவிடும். அந்த ஊர் மந்திரிக்குத் தும்மல் வந்தாலும் இவருக்குத் தெரியும், நம் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பது தெரியாது.

மனைவியின் தங்கையும் அதே ஆலையில்தான் காலர் தைக்கிறாள். இவருக்குக் கல்யாணமானபோது பள்ளிக்கூடப் பையோடு நின்றவள், அதனால் இன்றும் வீட்டில் குட்டிதான். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. சொந்தக்காரிக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று ஆலைக்குள் அவளைத் தெரியாதவர் போலவே நடத்துவார். "மூணாவது மிஷின், பேச்சைக் குறைங்க" என்பார். அவளும் விட மாட்டாள். "சரிங்க சார், ரெடிங்க சார்" என்று இழுப்பாள்.

போன வாரம் ஒரு மதியம், ஜெனரேட்டர் அறையில் ஒயர் கருகிப் புகை கிளம்பியது. காவலாளி மணியை அழுத்தினார். கீழே இருந்த ரெடி சார் மாடிக்கு ஓடினார். போய்ப் பார்த்தால் எண்ணூறு பேரும் முகக்கவசம் மாட்டி, நடைபாதையைத் துப்புரவாக்கி, தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு வழியாகப் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒருவரும் அசையவில்லை. அவ்வளவு அழகாக அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"வெளிய போங்க! எந்திரிங்க!" என்று கத்தினார்.

முன்வரிசைப் பெண் கவசத்துக்குள்ளிருந்து, "எல்லா வசதியும் இருக்கு சார், ஒரு குறையும் இல்ல" என்றாள்.

அவர் காலர் வரிசைக்குப் பாய்ந்து, "ஏய் குட்டி! எந்திரிடி!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஆலைக்குள் அந்தப் பெயரைக் கேட்டதும்தான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் எழுந்தாள், அவளைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். ஒயரைத் துண்டித்ததும் புகை அடங்கியது. யாருக்கும் ஒன்றுமில்லை. இருமலோடு போயிற்று.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய், மணியை மாற்ற வேண்டும் என்றார்.

"இன்னும் நாலு நாள்ல வர்றாங்க சார். ஆறு வருஷப் பழக்கத்த இப்பக் கலைச்சா அதுவும் கெடும், இதுவும் கெடும். இந்தத் தடவையும் சலுகை நிலைக்கட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

"ஆட்கள் சாவாங்க சார்."

"சலுகை போனா மட்டும் வாழ்வாங்களா?"

அப்புறம், அப்புறம் என்று கேட்டே தலை நரைத்தவர். எழுந்து வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் குட்டி வீட்டுக்கு வந்தாள். அக்கா கொடுத்த தேநீரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"மாமா, இனிமே மணி அடிச்சா உக்காரணுமா, ஓடணுமா? வரிசை முழுக்க என்னத்தான் கேக்குது. நீங்க என் மாமான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

அவர் சட்டைப் பையில் பிளாஸ்திரி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இருந்தது. எடுத்து எண்ணினார், திரும்ப வைத்தார்.

"என்ன மாமா, வாயில கொழுக்கட்டையா?"

"டீ ஆறுது பாரு, குடி" என்றார்.

இன்று வருகிறார்கள். ரெடி சார் டை கட்டியிருக்கிறார். சோதனை நாளில் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும் டை அது. கொஞ்சம் சாயம் போய்விட்டது. களிம்பின் தேதியை இரண்டாவது முறை படித்துவிட்டு மாடியில் வந்து நிற்கிறார். நேற்று ராத்திரி தூங்கவில்லை என்பதை அவர் கண்ணே சொல்கிறது. முதலாளி காலையிலேயே போன் செய்து, "எல்லாம் பழைய மாதிரியே, தெரியுதில்ல?" என்று கேட்டுவிட்டார். தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்.

மணி அடிக்கிறது.

மிஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. முகக்கவசத்துக்குப் போன கைகள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. துணிக்கட்டுகள் நடைபாதையில் போட்டது போட்டபடி கிடக்கின்றன. யாரும் மணியைப் பார்க்கவில்லை. எண்ணூறு பேரும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. உட்காருங்கள் என்று கையைக் காட்டினால் போதும், இந்தச் சோதனையும் கடந்துவிடும். குட்டியின் அடுப்பு எரியும்.

அவர் காலர் வரிசைக்கு நடக்கிறார். குறுக்கே கிடந்த துணிக்கட்டைக் காலால் ஒதுக்குகிறார். மூன்றாவது மிஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு, "வா குட்டி" என்று கையை நீட்டுகிறார்.