காத்தக்கா இறங்கிய கடல்

கடலுக்கடியில் மூழ்கி நீந்தக் கூட்டிப்போகும் ஸ்கூபா கடையின் பின்பக்கக் கொட்டகையில் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டி, சிலிண்டர்களில் காற்று நிரப்புவதுதான் அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் ‘காத்தக்கா’. அவள் நிரப்பிய காற்றை முதுகில் சுமந்து போய்ப் பவளப்பாறைச் சுவரைப் பார்த்தவர்கள், திரும்பி வந்து வாய் ஓயாமல் அளப்பார்கள். காத்தக்காவோ முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. சின்ன வயதில் குளத்தில் மூழ்கிப் பிழைத்தவள். சூடு கண்ட பூனை.

“படகோட்டி பொண்டாட்டிக்குத் தண்ணின்னா பயமாம்!” என்று அவள் கணவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் அவளை உசுப்பிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகு, அதே கடையில் பயிற்சியாளராக இருந்த மகளிடம் போய் நின்றாள்.

“எனக்கும் கத்துக் குடுடி.”

கரையோரத்தில் எல்லாம் சரியாக வந்தது. ஆழத்துக்குப் போனபோதுதான் காது குத்திப் பிடுங்கியது. இரண்டு தடவையும் பாதியிலேயே மேலே வந்துவிட்டாள்.

“போதும் விடு, எதுக்கு இந்த வீம்பு?” என்றார் கணவர்.

“நீங்க படகைப் பாருங்க. என் காதை நான் பாத்துக்கறேன்.”

அடுத்த முறை அவசரப்படவில்லை. காது அடைக்காமலிருக்க மூக்கைப் பிடித்து ஊதி ஊதி, மகளின் கையைப் பற்றிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்கினாள். பாறையின் விளிம்பு வந்தது. அதற்கப்பால் தரையே இல்லை. அடி தெரியாத நீலம். அந்த நேரம் பார்த்து, கண்ணையும் மூக்கையும் மூடியிருந்த கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. ‘மேலே போகலாமா?’ என்று மகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். காத்தக்கா தலையாட்டி மறுத்தாள். கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்திக்கொண்டு, மூக்கால் ஓங்கி ஊதினாள். தண்ணீர் வெளியேறியது.

எதிரே கோட்டை மதில்போல் செங்குத்தாக இறங்கியது சுவர். விசிறி விசிறியாய்ப் பவளங்கள், மஞ்சள் மீன்களின் கூட்டம், இவளைச் சட்டையே செய்யாமல் கடந்து போன ஓர் ஆமை. காத்தக்கா தானாகவே மகளின் கையை விட்டாள். விழவில்லை. அந்த நீலத்தின் நடுவே, தன் கையால் நிரப்பிய காற்றைச் சுவாசித்தபடி, அசையாமல் மிதந்தாள்.

மேலே வந்ததும் அவள் போட்ட கூச்சலில் பக்கத்துப் படகே திரும்பிப் பார்த்தது.

“என்னம்மா, என்ன ஆச்சு?” என்று பதறினார் கணவர்.

“ஏங்க, இத்தனை வருஷமா இதுக்கு மேலயே படகு ஓட்டிட்டு, ஒரு தடவைகூட எட்டிப் பாக்காம இருந்திருக்கீங்களே! உங்களை என்னன்னு சொல்றது?”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவர் நீட்டிய கையைக் கண்டுகொள்ளாமல் காத்தக்கா தானே ஏணியில் ஏறி, சொட்டச் சொட்ட நின்று கேட்டாள்:

“அந்தச் சுவரோட மறுபக்கத்துக்கு எப்போடி போறோம்?”