கடைசி வயலுக்கு முதல் தண்ணீர்

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நாற்பது. முரசுமோட்டையில் வெயில் குறையாமலே மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகளாக எழுதிய நாவலை முன்னறை நிலத்தில் துண்டு துண்டாகப் பரப்பிவிட்டு, நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். நாவல் எழுதுகிற தொழிலில் எழுதுவது பாதி. கேளாமல் வந்து சேர்ந்த காட்சிகளுக்கு இடம் தேடிக் கொடுப்பது மறுபாதி. எழுதுகிற சகபாடிகளுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

பஸ்ஸில் ஒரு மரணம்

என் கதைநாயகர் மாணிக்கத்தாரைப் பற்றி எனக்கு முதலில் தோன்றியது அவருடைய மரணம். கிளிநொச்சிப் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகும் பஸ்ஸில் அது வந்தது. மறந்துவிடுமோ என்ற பதற்றத்தில் மின்சாரக் கட்டணப் பட்டியலின் பின்புறத்தில் எழுதினேன். "மாணிக்கத்தார் விடியற்காலையில் கண்ணை மூடினார்" என்று எழுதியபோது என் கண்ணும் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மரக்கறி விற்கும் அம்மா அதை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "செத்தவீடு எங்க பிள்ளை? எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

பந்தியில் இருந்தவர்

காட்சிகள் தோன்றிய ஒழுங்கிலேயே துண்டுகளுக்கு இலக்கமிட்டேன். நேர்த்தியான வேலை என்று பெருமையும் பட்டேன். தட்டச்சு செய்யும் வசந்தி அந்த இலக்கப்படியே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டார். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் பிள்ளைப்பேற்றுக்காகச் சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் ஓமந்தையிலுள்ள தாய்வீட்டுக்குப் போகிறார். அதற்குள் ஒழுங்கு சரிவராவிட்டால் நாவல் இன்னுமொரு வருடம் அலுமாரியில் கிடக்கும். வியாழக்கிழமை தொலைபேசியில் அவர் பணிவாகத்தான் கேட்டார்: "ரீச்சர், பன்னிரண்டாம் பக்கத்தில செத்த மாணிக்கத்தார் முப்பதாம் பக்கத்தில மகளின்ர கலியாணப் பந்தியில இருக்கிறார். எழுப்பிவிடட்டோ, சாப்பிட்டு முடியட்டோ?"

தண்ணீர் முறை

ஆகவேதான் அந்த வெள்ளிக்கிழமை துண்டுகளோடு உட்கார்ந்தேன். முதலிலிருந்து அடுக்கத் தொடங்கி மூன்று தடவை தோற்றேன். முதல் அத்தியாயம் என்று எதுவுமே என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் கட்டி வைத்துவிடலாமென்று நூலையும் எடுத்துவிட்டேன்.

வாய்க்காலில் வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடும் என் கணவர் தேநீருக்கு வந்தார். துண்டுகளை மிதிக்காமல் ஓரமாக நின்று என் முறைப்பாட்டை முழுதாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மேலயிருந்து விட்டா மேல் வயலுகளே குடிச்சு முடிச்சிடும். நாங்கள் கடைசி வயலுக்கு முதல் குடுத்துப்போட்டுத்தான் மேல வாறனாங்கள். நீரும் அப்பிடிச் செய்து பாருமன்."

சைக்கிள்

கடைசிக் காட்சியைக் கீழே வைத்தேன். இதற்கு முன் என்ன நடந்திருக்கவேண்டும் என்று கேட்டுக் கேட்டு மேலே வந்தேன். மரணத்துக்கு மேலே கலியாணம். கலியாணத்துக்கு மேலே மீள்குடியேற்றம். கடைசிக் காட்சியில் மகள் தகப்பனின் பழைய சைக்கிளில் வயலுக்குப் போகிறாள். அந்தச் சைக்கிளை அவர் வாங்கிய கதையை நான் எழுதவேயில்லை. ஏழு ஆண்டுகள் நான் தேடிய முதல் அத்தியாயம் அதுதான். விளக்கேற்றும் முன்னரே எழுதி முடித்து, கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஒரேயொரு குறைதான்: "பிரேக் பிடிக்குதோ எண்டு பாக்காமலே வாங்கினவர்?"

மறுநாட் காலை என் கணவர் கடைசி வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போனார்; எழுதியதை வசந்தியிடம் கொண்டுபோன பஸ்ஸில் மரக்கறி அம்மா எனக்கு இடம்விட்டு, மாணிக்கத்தாரின் திவசம் எப்போது வருகிறதென்று விசாரித்தார்; வசந்தி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு முதல் அத்தியாயத்தைத் தட்டினார்; மாணிக்கத்தாரோ, இறந்து ஏழு ஆண்டுகளின் பின், பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தம்முடைய முதலாவது சைக்கிளை வாங்கினார்.